போர்ட்லாண்ட் துறைமுக டைனரில் காலைச் சாப்பாடு: முதல் தடவை போகிறவர்களுக்கு

“முட்டை எப்படி வேணும், டியர்?” என்று பரிமாறுகிற அம்மா கேட்டார். நான் “யெஸ்” என்றேன்.

பாஸ்டனுக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. மெய்ன் மாநிலக் கடலோரத்தில் ஒரு டைனர், அதாவது எளிய அமெரிக்கச் சாப்பாட்டுக் கடை. பக்கத்து ஸ்டூலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர், எதிரே கொதிக்கும் காபி, பின்னால் வாசல்வரை வரிசை. அந்த அம்மா மறுபடியும் கேட்டார். பிறகு டோஸ்ட் எந்த ரொட்டியில், பக்கத்துக்கு என்ன, காபி கறுப்பா கிரீமா என்று கேள்விமேல் கேள்வி. எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைத்தேன். தட்டு வந்தபோது, உருளைக்கிழங்கு என்று நினைத்து என் மனைவிக்குச் சொல்லியிருந்தது உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சியாக இருந்தது. அவள் வாழ்நாளில் மாட்டிறைச்சி தொட்டதில்லை. போதாக்குறைக்கு கார்டு சீட்டில் டிப் எழுத வேண்டிய கோட்டைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அது புரிந்ததே இரண்டு நாள் கழித்துத்தான்.

தவறு முழுக்க என்னுடையது, கடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு ஏழெட்டுத் தடவை போயாயிற்று. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தபோதும் கூட்டிப்போனேன். நான் பட்டதை நீங்களும் பட வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் ஊரைச் சரியாகப் பிடியுங்கள்

அமெரிக்காவில் இரண்டு போர்ட்லாண்ட் பிரபலம். ஒன்று மேற்கே ஆரகன் மாநிலத்தில், இன்னொன்று வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தில். நமக்கு வேண்டியது இரண்டாவது. விமான டிக்கெட் போடுகிறவர்கள் விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள்: பி.டபிள்யூ.எம். என்றால் மெய்ன், பி.டி.எக்ஸ். என்றால் ஆரகன். சிரிக்காதீர்கள், அலுவலக நண்பர் ஒருவர் ஓட்டல் அறையை ஆரகனில் போட்டுவிட்டார். பணம் திரும்பி வரவில்லை.

மெய்ன் போர்ட்லாண்டில் கடலை ஒட்டி ஓடும் தெரு கமர்ஷியல் ஸ்ட்ரீட். அதிலிருந்து விரல்களைப்போலத் தண்ணீருக்குள் நீளும் மரத்துறைகளை ‘வார்ஃப்’ என்கிறார்கள். 390, கமர்ஷியல் ஸ்ட்ரீட், ஹாப்சன்ஸ் வார்ஃபில் இருப்பது பெக்கீஸ் டைனர், 1991 முதல் நடக்கிறது. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்காக விடிகாலை 4 மணிக்கே கதவைத் திறந்து பேர் வாங்கிய கடை. முதல் தடவைக்கு நான் சொல்வது இதைத்தான். திறக்கும் நேரம் அவ்வப்போது மாறும், கிளம்புமுன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். கீழே சொல்லப்போவது அந்தக் கரையோரம் எந்த டைனருக்கும் பொருந்தும்.

2. நாளும் நேரமும்

ஜூலை, ஆகஸ்ட் சனி ஞாயிறுகளில் காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிவரை போகாதீர்கள். இந்த ஒன்றைக் கேட்டாலே பாதித் தொல்லை தீரும். அந்த நேரத்தில் ஒரு மணி நேரம் தெருவில் நின்றிருக்கிறேன். அதே கடையில் செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்குப் போனபோது நேராக உள்ளே போய் உட்கார்ந்தேன்.

விடிகாலையில் போவதில் இன்னொரு லாபம், துறை உயிரோடிருக்கும். பிளாஸ்டிக் பீப்பாய்களில் ஹெரிங் மீன் இரை ஏற்றுவார்கள், அந்த வாடை நூறு அடி தள்ளியே முகத்தில் அறையும். காசிமேடு பழக்கமுள்ளவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. என் மனைவி மட்டும் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் லாப்ஸ்டர் (சிங்கி இறால் மாதிரி) பிடிக்கக் கடலில் போட்ட கூடுகளைத் தூக்க மெய்ன் சட்டத்தில் அனுமதி இல்லை. ஆகவே படகு நடமாட்டம் பார்க்க வேண்டுமென்றால் வாரநாள்தான் சரி.

குளிர்காலத்தை ஒதுக்காதீர்கள். ஜனவரியில் கூட்டமே இருக்காது. மைனஸ் 15 டிகிரிக்குப் போகும் காலையில் கடல்மேல் ஆவி எழும்பி, படகுகள் இட்லிப்பானைக்குள் நிற்பதுபோலத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து காபி குடிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது. நடைபாதையில் பனிக்கட்டி உறைந்து கிடக்கும் என்பதால் பெரியவர்களைக் கூட்டிப்போனால் மட்டும் கவனம்.

3. போய்ச் சேரும் வழி

பாஸ்டனிலிருந்து மூன்று வழி உண்டு.

ரயில்: ஆம்ட்ராக் ரயில் நிறுவனத்தின் டவுனீஸ்டர். சுமார் இரண்டரை மணி நேரம். இது நார்த் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது. நியூயார்க் ரயிலுக்குப் பழகிய கால்கள் தானாக சவுத் ஸ்டேஷனுக்குப் போய்விடும், ஜாக்கிரதை. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே நேரடி ரயில் இணைப்பு இல்லை.

பஸ்: கான்கார்ட் கோச். இது சவுத் ஸ்டேஷனிலிருந்து. போக்குவரத்து இடிக்காவிட்டால் இரண்டு மணி நேரம்.

ரயிலும் பஸ்ஸும் போர்ட்லாண்டில் ஒரே நிலையத்தில், தாம்சன்ஸ் பாயிண்டில் இறக்கிவிடும். அங்கிருந்து டைனர் நடக்கும் தூரம் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். பெட்டியும் குழந்தையுமாக நடக்க முடியாது, டாக்ஸி வையுங்கள். இன்னொன்று, நான் போனபோது அன்றைய முதல் ரயில் போர்ட்லாண்ட் சேரவே காலை 11 தாண்டிவிட்டது. அது சரியாகக் கூட்டம் முட்டும் வேளை. விடிகாலைச் சாப்பாடுதான் குறி என்றால் முந்தின இரவே போய்த் தங்க வேண்டும். தங்குவதற்கு மெய்னில் 9 சதவீத வரி, அறை வாடகைக்கு மேல்.

கார்: ஐ-95 சாலை, ஏறக்குறைய 110 மைல். வழியில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹாம்ப்டனிலும் மெய்னில் யார்க்கிலும் டோல். டோல் தானாகக் கழியும் ஈஸி-பாஸ் கருவி இல்லையென்றால் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் எடுக்கும்போதே டோல் எப்படிக் கழிப்பார்கள் என்று கேளுங்கள். டோல் 6 டாலராக இருக்கும், அதைக் கட்டித் தந்ததற்கு ‘சேவைக் கட்டணம்’ அதைவிடக் கூடுதலாக வரும்.

நிறுத்துமிடம் தனிப் பொறி. வார்ஃப்மேல் காலியாக இடம் தெரியும். அதில் பாதி மீனவர்களுக்கென்று ஒதுக்கியது. பலகையைப் படிக்காமல் நிறுத்தினால் வண்டியை இழுத்துப்போவார்கள், இழுவைக் கூலி ஒரு குடும்பமே நாலு தடவை சாப்பிடும் காசு. டைனரின் பலகை எங்கே மாட்டியிருக்கிறதோ அந்த இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். இல்லையென்றால் தெருவில் மீட்டர், அதற்குப் போனில் செயலி.

4. கையில் இருக்க வேண்டியவை

சாப்பிடப் போவதற்கு ஆவணமா என்று கேட்பீர்கள்.

ரயிலில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் புகைப்பட அடையாள அட்டை கேட்கலாம். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டும் ஐ-94 என்கிற நாட்டு நுழைவுப் பதிவின் அச்சுப்பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள். 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் பதிவுச் சான்றை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுச் சட்டம். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கும் இது சேரும். அவர்கள் பாஸ்போர்ட்டை வீட்டு அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு வருவார்கள்.

பீர் அல்லது ப்ளடி மேரி என்கிற மதுக்கலவை கேட்பதாக இருந்தால் 21 வயது ஆனதற்கு அத்தாட்சி வேண்டும். ஆதார் அட்டை செல்லாது. முயன்று பார்த்தவனைத் தெரியும்.

கார்டு ஒன்று. கூடவே 40 டாலர் அளவுக்கு 1, 5 டாலர் நோட்டுகள். பல சின்னக் கடைகளில் கார்டுக்குத் தனிக் கட்டணம் போடுகிறார்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒட்டியிருக்கும்.

5. வாசலில்

கதவைத் திறந்ததும் நேராக மேஜைக்குப் போகாதீர்கள். ‘உட்காரவைக்கும்வரை காத்திருங்கள்’ என்று பலகை இருந்தால் நின்று பேரைக் கொடுக்க வேண்டும். நம் பெயர்களை அவர்கள் எழுதிக் கூப்பிடுவதற்குள் முறை போய்விடும். இரண்டெழுத்தில் ஒரு பேர் வைத்துக்கொள்ளுங்கள். நான் டைனரில் மட்டும் ‘ராம்’.

மொத்தப் பேரும் வந்து சேர்ந்தால்தான் மேஜை தருவார்கள். ‘மாமா பார்க்கிங்கில் இருக்கிறார், வந்துவிடுவார்’ என்பது எடுபடாது. ஒருவரோ இருவரோ என்றால் ‘கவுண்டர்’ என்று கேளுங்கள். அடுப்புக்கு எதிரே வரிசையாக ஸ்டூல் போட்டிருக்கும் இடம் அது. காத்திருப்பு பாதியாகும், சமைப்பதையும் பார்க்கலாம்.

6. அந்த ஐந்து கேள்விகள்

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. மெனு அட்டையில் முட்டை, ஹோம் ஃப்ரைஸ், டோஸ்ட் என்று ஒரு வரியில் இருக்கும். நீங்கள் அதைச் சொன்னதும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கேள்வி வரும், மூச்சு விடாமல் வரும். காத்திருக்கும்போதே பதிலைத் தயார் பண்ணிவிடுங்கள்.

முட்டை எப்படி? ‘சன்னி சைட் அப்’ என்றால் நம் ஆஃப்பாயில், திருப்பாதது. ‘ஓவர் ஈஸி’ என்றால் திருப்பிப் போட்டது, ஆனால் மஞ்சள் கரு வழியும். ‘ஓவர் மீடியம்’ பாதி வெந்தது. ‘ஓவர் ஹார்ட்’ முழுக்க வெந்தது, நம் ஃபுல்பாயில். ‘ஸ்கிராம்பிள்ட்’ கிளறியது, பொடிமாஸ் மாதிரி என்று நினைத்தால் ஏமாற்றம், வெங்காயமும் மிளகாயும் இருக்காது. கரு வழிந்தால் பிடிக்காது என்கிறவர்கள் ‘ஓவர் ஹார்ட்’ என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துவிடுங்கள்.

டோஸ்ட் எது? ஒயிட், வீட், ரை இந்த மூன்றும் எப்படியும் இருக்கும். ரை ரொட்டியில் சோம்பு போன்ற ஒரு விதை கடிபடும். வெண்ணெய் தடவித்தான் வரும். பால்பொருள் சேராதவர்கள் ‘ட்ரை’ என்று சொல்ல வேண்டும்.

பக்கத்துக்கு என்ன? இங்கேதான் நான் விழுந்தேன். ‘ஹோம் ஃப்ரைஸ்’ என்றால் துண்டுபோட்டு வறுத்த உருளைக்கிழங்கு. ‘ஹாஷ் பிரவுன்ஸ்’ என்றால் துருவிய உருளைக்கிழங்கு. வெறும் ‘ஹாஷ்’ என்று சொன்னால் மாட்டிறைச்சியும் கிழங்கும் சேர்த்துக் கிளறிய கார்ன்ட் பீஃப் ஹாஷ் வரும். ‘பிரவுன்ஸ்’ என்ற வால் விட்டுப்போனால் சாப்பாடே மாறிவிடுகிறது.

காபி எப்படி? சர்க்கரையும் ‘ஹாஃப் அண்ட் ஹாஃப்’ என்கிற பாலும் கிரீமும் கலந்த குட்டி டப்பாவும் மேஜையிலேயே இருக்கும். பல டைனர்களில் கோப்பை காலியாகக் காலியாக ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒரு கோப்பைக் காசுதான். போதும் என்றால் கோப்பைமேல் கையை வையுங்கள். டீ கேட்காதீர்கள். வெந்நீரும் ஒரு பையும் வரும், அதைப் பார்த்து என் அப்பா ஐந்து நிமிடம் பேசவில்லை.

ஒரே பில்லா, தனித்தனியா? இதை ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சாப்பிட்டு முடித்தபின் ஆறு கார்டை நீட்டினால் பரிமாறுகிறவர் முகம் சுருங்குவது நியாயம்தான்.

பான்கேக் சொன்னால் இன்னொரு விஷயம். மெய்னில் காட்டு ப்ளூபெர்ரி விளைகிறது, கடையில் வாங்கும் பெர்ரியில் பாதிகூட இருக்காது, மிளகைவிடச் சற்றுப் பெரியது, வாசனை தூக்கும். அறுவடை ஜூலை கடைசியிலும் ஆகஸ்டிலும். இரண்டு பான்கேக் ஓர் ஆளுக்கு ஜாஸ்தி. மேஜையில் இருக்கும் சிரப் பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகு. அசல் மேப்பிள் சிரப் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், ஒன்றிரண்டு டாலர் கூடுதலாகும். கொடுங்கள், தகும்.

7. சைவம், மாடு, பன்றி

அடுப்பு என்பது ஒரே ஒரு நீளமான இரும்புத் தட்டு, பெரிய தோசைக்கல் மாதிரி. அதன் ஒரு மூலையில் பன்றிக்கொழுப்பு ஒழுகும் பேக்கன், நடுவில் உங்கள் உருளைக்கிழங்கு, மறுமூலையில் பான்கேக். ஒரே கரண்டியால் எல்லாவற்றையும் திருப்புவார்கள். கவுண்டரில் உட்கார்ந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். சுத்த சைவம் பார்க்கிறவர்களுக்கு அந்தக் கல்லில் விழுந்தது எதுவும் ஆகாது. கேட்டால் வாணலியில் தனியாகச் செய்து தருகிற கடை உண்டு, கூட்ட நேரத்தில் முடியாது என்பார்கள். டோஸ்ட், பீனட் பட்டர், பழக்கிண்ணம், ஓட்ஸ் கஞ்சி, இவற்றுக்குக் கல் வேண்டாம். கஞ்சி பாலிலா தண்ணீரிலா என்று மட்டும் கேளுங்கள்.

பெயரில் இறைச்சி இல்லாமல் உள்ளே ஒளிந்திருப்பவை: பேக்ட் பீன்ஸில் உப்புப் பன்றிக்கொழுப்பு போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். சவுடர் என்கிற கெட்டிச் சூப்பிலும், அது ஹாடக் மீனாக இருந்தாலும் கிளிஞ்சலாக இருந்தாலும், பன்றிக்கொழுப்பு தாளித்திருக்கலாம். வெஸ்டர்ன் ஆம்லெட்டில் ஹாம் என்கிற பன்றியிறைச்சி உண்டு. பொரித்த உருளைக்கிழங்கும் பொரித்த மீனும் ஒரே எண்ணெய்.

முட்டையும் சாப்பிடாதவர்களைக் கூட்டிப்போவதாக இருந்தால், உண்மையைச் சொல்கிறேன், அவர்களுக்கு வயிறு நிறையாது. அம்மாவுக்கு நான் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போனேன். உள்ளே பிரிக்கவில்லை, அப்புறம் கடலோர பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார். எல்லாரையும்விடத் திருப்தியாகச் சாப்பிட்டவர் அவர்தான்.

8. லாப்ஸ்டர் ஆசை

நம் கடற்கரையில் சிங்கி இறால் என்பார்களே, அதற்கு இது சொந்தம். ஆனால் நம்முடையதற்கு இல்லாத இரண்டு பெரிய கொடுக்கு இதற்கு உண்டு. டைனரில் இதை ரோலாகவோ ஆம்லெட்டிலோ தருவார்கள்.

விலைக்குப் பதிலாக ‘மார்க்கெட் பிரைஸ்’ என்று மெனுவில் எழுதியிருந்தால், கேட்காமல் ஆர்டர் கொடுக்கக் கூடாது. கேட்பதில் வெட்கமே இல்லை, ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள். ரோல் ஒன்று 30 டாலரைச் சுலபமாகத் தொடும். குளிர்ந்த இறைச்சியில் கொஞ்சம் மயோனைஸ் போட்டு பன்னில் அடைத்திருப்பதே மெய்ன் பாணி. சூடாக இல்லையே என்று திருப்பி அனுப்பாதீர்கள். உருக்கிய வெண்ணெயோடு சூடாக வேண்டுமென்றால் முன்பே சொல்ல வேண்டும்.

முழு லாப்ஸ்டர் வாங்கினால் கோடையில் ‘சாஃப்ட் ஷெல்’லா என்று கேட்பார்கள். புதிதாக ஓடு மாற்றியது அது. கையாலேயே உடைக்கலாம், இனிப்பாக இருக்கும், ஆனால் எடைக்கு இறைச்சி குறைவு. உடலுக்குள் இருக்கும் பச்சைக் களிம்பைச் சாப்பிட வேண்டாம் என்று மாநில அரசே அறிவுறுத்துகிறது.

9. பில், வரி, டிப்

மெனுவில் இருப்பது முழு விலை இல்லை. சமைத்த உணவுக்கு மெய்னில் 8 சதவீத வரி. அதற்கு மேல் டிப். இருவர் சாப்பாட்டுக்கு மெனுவிலை 34 டாலர் என்று வையுங்கள். வரி 2.72, ஆக 36.72. டிப் 20 சதவீதம், வரிக்கு முந்தைய 34-க்குக் கணக்குப் போட்டால் 6.80. மொத்தம் 43.52. மெனுவில் பார்த்த தொகையோடு நாலில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்துக்கொண்டால் கணக்குச் சரியாக வரும்.

டிப் நம் ஊர்போல இஷ்டப்பட்டால் கொடுப்பதில்லை. குறைந்தபட்சக் கூலியில் பாதியை மட்டும் முதலாளி தந்தால் போதும், மீதி டிப்பிலிருந்து வரலாம் என்று மெய்ன் சட்டம் அனுமதிக்கிறது. நான் கோட்டைக் காலியாக விட்ட அன்று அந்த அம்மாவின் கூலியில் கைவைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அதே கடைக்குப் போய், சொல்லாமல், இரண்டு மடங்கு வைத்துவிட்டு வந்தேன். அன்று அவர் இல்லை என்பது வேறு விஷயம். 18 முதல் 20 சதவீதம் வையுங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் பில்லிலேயே டிப் சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள், இல்லையென்றால் இரட்டிப்பாகும்.

கார்டு கொடுத்தால் இரண்டு சீட்டு வரும். கடைக்கான சீட்டில் டிப் தொகை, கூட்டுத்தொகை, கையெழுத்து மூன்றையும் எழுதி மேஜையில் வைக்க வேண்டும். மற்றதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரு தடவை எழுதியதைப் பையில் போட்டுக்கொண்டு வெற்றுச் சீட்டை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வங்கியில் முதலில் டிப் இல்லாத தொகை காட்டும், ஓரிரு நாளில் கூடிவிடும். பயந்து வங்கிக்குப் போன் போட வேண்டாம்.

கூட்ட நேரத்தில் பில் வந்தபின் அரை மணி நேரம் கதை பேசுவது அவர்களுடைய அடுத்த டிப்பை மறிப்பது. பேச்சை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

10. மிச்சத்தை எடுத்துக்கொண்டு

மீந்ததை வைக்க ‘பாக்ஸ்’ கேளுங்கள், எல்லாரும் கேட்கிறார்கள். அதோடு வார்ஃப் பக்கம் போனால் நீர்மட்டத்தைப் பாருங்கள். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சராசரியாக 9 அடி வித்தியாசம். ஏற்றத்தின்போது ஜன்னலுக்கு நேரே நின்ற படகு, சில மணி நேரம் கழித்து வற்றத்தின்போது காலுக்குக் கீழே இறங்கியிருக்கும், பாசி படிந்த மரத்தூண்கள் மட்டும் நிற்கும். வழுக்கும், விளிம்புக்குப் போகாதீர்கள்.

பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். கடற்காக்கைகள் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்து அதற்குத்தான் காத்திருக்கும். என் மகன் கையிலிருந்த பான்கேக்கை ஒன்று கொத்திக்கொண்டு போனது, பாதி ப்ளூபெர்ரி அவன் சட்டையில். கறை இன்னும் போகவில்லை.